அரசியல் அறிவியல் என்றால் கட்சிக்கொடி பிடிப்பதா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துப் படியுங்கள்.

போன ஞாயிறு நம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளை, பி.ஏ. அரசியல் அறிவியல் படிக்கப் போவதாகப் பந்தியில் சொன்னாள். "படிச்சிட்டு எந்தக் கட்சியில சேரப் போற?" என்றார் ஒரு மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். அவள் அப்பா என்னிடம் படித்தவன். இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

நான் அங்கேயே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. காரணம், அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு உண்டு. குடிமையியல் பாடத்தை வருடக் கடைசியில் ஒரே வாரத்தில் ஓட்டி முடித்த வாத்தியார் நான். "கலெக்டரை யார் சார் மாத்த முடியும்?" என்று கேட்ட பையனை, "முதல்ல வாய்ப்பாட்டை ஒப்பிடா" என்று உட்கார வைத்தவன்.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலச் செய்தி வந்தபோது என் போனுக்கு வந்த முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஏலம் விட்டது யாரு சார்?" கேட்டவர்களில் பாதிப்பேர் பட்டதாரிகள். 2,015 ஹெக்டேர், அரிட்டாபட்டிப் பல்லுயிர் மரபுத் தலத்தின் ஒரு பகுதியும் அதற்குள். 2023-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் போன்றவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. இது தெரியாதவர் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று கத்தத்தான் முடியும். நம் மக்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் போட்டது. மதுரைக்குத் திரண்டு போனார்கள். 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்து. அந்தக் கிராம சபைக்கு அரசியலமைப்பிலேயே 243ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. எந்த அதிகாரம் யார் கையில், அதை யார் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்பதுதான் ஐயா இந்தப் படிப்பு!

பாண்டியனுக்கு அமைச்சராக இருந்த மாணிக்கவாசகர் பிறந்த ஊர்க்காரர்கள் நாம். (குதிரை வாங்கக் கொடுத்த பணத்தில் கோயில் கட்டினார் என்பார்கள். இன்றைக்கென்றால் ஆடிட்டில் மாட்டியிருப்பார்.) நமக்கா இந்தப் படிப்பு இளக்காரம்?

வேலை? படித்து முடித்ததும் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். எந்தப் படிப்புக்கு அப்படிக் கொடுக்கிறார்கள், சொல்லுங்கள்! ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் இதை விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாள், 500 மதிப்பெண். அது போக, பொது அறிவு இரண்டாம் தாள் பெரும்பாலும் இதுதான். குரூப் 1, குரூப் 2, குரூப் 4 எல்லாவற்றிலும் இந்திய ஆட்சியியல் உண்டு. நம்மூர்ப் பிள்ளைகள் கோச்சிங் சென்டரில் காசு கட்டிப் படிப்பதே இதைத்தானே? மூன்று வருடச் சட்டப் படிப்புக்குப் போகலாம். பத்திரிகைக்குப் போகலாம். எம்.ஏ., பி.எட். முடித்து டி.ஆர்.பி. எழுதினால் மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர் ஆகலாம். டெல்லியில் பி.ஆர்.எஸ். என்ற சட்ட ஆய்வு நிறுவனம், இளம் பட்டதாரிகளை எம்.பி.க்களுக்கு உதவியாளராக உதவித்தொகையோடு அமர்த்தி வந்தது.

மாப்பிள்ளை, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

தம்பி, உன்னிடம்தான் கேட்கிறேன். விண்ணப்பக் கடைசித் தேதிக்கு முன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. எனக்கு அந்த ஆன்லைன் பாரம் நிரப்பத் தெரியாது, பேத்தி நிரப்பித் தருவாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திண்ணையில்தான் இருப்பேன்.