சுப்பர் விசா குடும்ப இணைவுக்கு ஈடாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பெற்றோரையும் பேரன் பேத்தியைப் பார்க்க ஏங்கும் அம்மம்மா, தாத்தாவையும் கனடாவுக்கு நிரந்தரமாக அழைப்பது பற்றி யார் கேட்டாலும், குடிவரவு அமைச்சிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: சுப்பர் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். ஆட்சி மாறியது, அமைச்சர்கள் பலர் மாறினார்கள், இந்தப் பதில் மட்டும் மாறவில்லை. அதை இனியும் ஏற்க முடியாது என்று சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2011 நவம்பரில் அன்றைய குடிவரவு அமைச்சர் ஜேசன் கென்னி, ஏறத்தாழ 165,000 பேரின் விண்ணப்பங்கள் தேங்கிக் கிடப்பதாகச் சொல்லிப் பெற்றோரை ஸ்பொன்சர் செய்து நிரந்தரமாக அழைப்பதை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தினார். அடுத்த மாதமே, பெற்றோர் வந்து தங்கித் திரும்பிப் போக மட்டும் இடம் தரும் சுப்பர் விசா வந்தது. கதவு திறக்கும்வரை இது ஒரு தற்காலிக ஏற்பாடு என்றே நாங்கள் நம்பினோம். 2014 ஜனவரியில் கதவு திறந்தபோது 5,000 விண்ணப்பங்களுக்குத்தான் இடம் இருந்தது. ஸ்பொன்சர் செய்பவர் பொறுப்பேற்க வேண்டிய காலம் 10 ஆண்டிலிருந்து 20 ஆண்டாகிவிட்டது. காட்ட வேண்டிய வருமானமும் 30 சதவீதம் கூடிவிட்டது, அதுவும் தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு. பிறகு யார் விண்ணப்பிக்கலாம் என்பதற்குக் குலுக்கல் வந்தது. 2019 ஜனவரியில் முந்துகிறவருக்கே இடம் என்று இணையத்தில் ஒரு படிவத்தைத் திறந்தார்கள். பத்து நிமிடத்துக்குள் அது மூடப்பட்டது. அன்று மதியம் தொழிற்சாலையில் ஷிப்டில் நின்றவர்களின் தாய் தகப்பன்மார் அந்தப் பத்து நிமிடத்தில் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

இதைவிடக் கொடியது அடுத்து நடந்தது. 2020 ஒக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை, ஸ்பொன்சர் செய்ய விரும்புவோரிடம் விருப்பப் படிவங்களை வாங்கினார்கள். அதன் பிறகு இன்றுவரை ஒரு புதிய பெயரும் சேர்க்கப்படவில்லை. 2025 யூலையில் 17,860 பேருக்கு அழைப்பு அனுப்பத் தொடங்கியபோதும் அந்த 2020 பட்டியலிலிருந்துதான் எடுத்தார்கள். 2021-இல் நிரந்தர வதிவிடம் பெற்றவர் என்ன செய்வது? அன்று வருமானம் போதாதென்று ஒதுங்கியிருந்து, இரண்டு வேலை செய்து இன்று தகுதிக்கு வந்தவர் என்ன செய்வது? வரிசை நீளம் என்றால் பொறுத்துக்கொள்வோம், பொறுத்துப் பழகிய சனம்தான் நாங்கள். இவர்களுக்கு நிற்பதற்கு ஒரு வரிசையே இல்லை.

சுப்பர் விசாவால் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. பத்து ஆண்டுவரை பலமுறை வந்து போகலாம். ஒருமுறை வந்தால் தங்கக்கூடிய காலத்தை 2022 யூலை 4 முதல் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்த்தினார்கள். இதற்காக நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா கொண்டுவந்த கைல் சீபாக்குக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எத்தனை ஆண்டு தங்கினாலும் அந்தத் தாய் இங்கே ஒரு விருந்தாளிதான்.

அவருக்கு ஒன்ராறியோ மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டை கிடையாது. குறைந்தது 100,000 டொலருக்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். வயது ஏறுகிற ஒவ்வொரு ஆண்டும் அதன் கட்டணமும் ஏறும். நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தால் இன்னும் ஏறும், எழுபது தாண்டிய எங்கள் பெற்றோரில் அவை இல்லாதவர் எத்தனை பேர்? என் அம்மாவுக்கு ஓர் இரவு நெஞ்சு நோவு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு ஊரில் வைத்தியர் பிரஷர் குளிசையின் அளவை மாற்றியிருந்தார், ஆகவே பழைய வருத்தம் கட்டுப்பாட்டில் இருந்ததாகக் கொள்ள முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். நானும் தம்பியும் கடன் அட்டையில் அந்தக் கணக்கைத் தீர்த்தோம். அம்மா நலமாகிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு கால் வீங்கினாலும் தலை சுற்றினாலும் எங்களிடம் சொல்வதில்லை. பிள்ளைக்குச் செலவு வைத்துவிடுவோமோ என்று நோயை ஒளித்து வைத்திருக்கும் முதியவர்கள் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள் என்று ஒட்டாவாவில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. சுப்பர் விசா கேட்பவர் காலம் முடிந்ததும் திரும்பிப் போவார் என்று விசா அதிகாரி நம்ப வேண்டும். ஊரில் என்ன பிடிப்பு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு சிதறிய தமிழ்க் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். கணவர் இல்லை, பிள்ளைகளில் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் பாரிசில். வடமராட்சியிலோ வலிகாமத்திலோ ஒரு வீட்டில் தனியாக விளக்கேற்றுகிற தாய்க்கு என்ன பிடிப்பைக் காட்ட முடியும்? யாருக்குத் துணை மிக அவசியமோ அவருடைய தனிமையையே காரணமாக்கி விசாவை மறுக்க இந்த விதி இடம் கொடுக்கிறது. கிடைத்தாலும் என்ன? எழுபத்தைந்து வயதில் வந்தவர், நீடிப்பும் கிடைக்காமல் போனால், எண்பது வயதில் யாரிடம் திரும்பிப் போவார்?

முதியவர்கள் வந்தால் மருத்துவச் செலவு கூடும் என்பது அரசின் பக்கத்து நியாயம். செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஸ்பொன்சர் செய்யும் பிள்ளை 20 ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறார். முதியோர் ஓய்வூதியத்துக்கோ பொதுவாகப் பத்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அம்மம்மா வீட்டில் இருப்பதால்தான் எத்தனையோ தாய்மார் நேர்ஸாகவும் முதியோர் இல்லப் பணியாளராகவும் இரவு வேலைக்குப் போகிறார்கள், அவர்கள் கட்டும் வரியையும் அந்தக் கணக்கில் சேர்க்கட்டும். குடும்பங்களை ஒன்றிணைப்பது இந்த நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவிலேயே நோக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. அது நாங்கள் இரந்து கேட்கும் சலுகை இல்லை.

புதிய விருப்பப் படிவத்தைத் திறக்க வேண்டும். 2020-க்குப் பிறகு தகுதி பெற்றவர்களின் பெயர்கள் பதியப்பட வேண்டும். சுப்பர் விசாவில் ஓராண்டுக்கு மேல் தங்கும் பெற்றோர், கட்டணம் செலுத்தியாவது மாகாண மருத்துவக் காப்புறுதியில் சேர வழி வேண்டும். மருத்துவம் மாகாணத்தின் அதிகாரம் என்பது தெரியும், ஒட்டாவாவும் ஒன்ராறியோவும் பேசித் தீர்க்க முடியாத விடயம் அல்ல அது. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருப்பதை மட்டும் வைத்து ஒரு தாயின் விசாவை மறுக்கக் கூடாது என்று அதிகாரிகளுக்கு எழுத்தில் அறிவுறுத்தல் போக வேண்டும்.

அடுத்த ஆண்டுகளுக்கான குடிவரவு எண்ணிக்கைத் திட்டத்தை அமைச்சர் நவம்பர் முதலாம் திகதிக்குள் நாடாளுமன்றத்தில் வைப்பது வழக்கம். எங்கள் கோவில் திருவிழாக்களுக்கும் தைப்பொங்கல் விழாக்களுக்கும் மாலை வாங்க வரும் நாடாளுமன்ற உறுப்பினர்கள், அதற்கு முன்பே இந்தக் கேள்வியைச் சபையில் எழுப்ப வேண்டும். வாசகர்கள் தத்தமது தொகுதி உறுப்பினருக்கு இந்த வாரமே எழுதும்படி வேண்டுகிறேன். பதில் வந்தால் இவ்விதழுக்கும் அனுப்பிவையுங்கள். ஆசிரியர் அவற்றை வெளியிட்டு உதவ வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்காபரோ