புகையும் மூச்சும்



தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். விறகடுப்பின் முன் குனிந்திருந்த மூதாட்டி இடைவிடாது இருமினார். "சளிதானுங்க சாமி, பழகிப்போச்சு" என்றார். அச்சொல் நம் உள்ளத்தை உறுத்தியது.

சளி என்றதும் முகம் சுளிக்கிறோம். ஆயினும் அது உடலின் காவலன். மூச்சுக்குழாயின் உட்சுவர் மியூசின் என்னும் புரதங்களைச் சுரக்கின்றது. அவற்றுள் முதன்மையானவை இரண்டு. அவ்விரண்டின் மரபணுக்களும் 11ஆம் குரோமோசோமில் அருகருகே அமைந்துள்ளன. தூசும் கிருமியும் அச்சளியில் ஒட்டிக்கொள்ள, நுண்மயிர்கள் அவற்றைத் தொண்டைக்கு ஏற்றி வெளியேற்றுகின்றன. கிருமியின் சுவரைச் சிதைக்கும் லைசோசைம் என்ற புரதமும் அதிலுண்டு. பின்னாளில் பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், மூக்குச் சளியை ஆராய்ந்தே 1922இல் இதனை உலகிற்கு அறிவித்தார்.

ஆனால் நாள்தோறும் புகை புகுந்தால், அம்மரபணுக்களுள் ஒன்று அளவு மீறித் தூண்டப்படுகின்றது. சளி பெருகித் தடிக்கின்றது, நுண்மயிர்கள் தளர்கின்றன. காக்க வந்ததே மூச்சை அடைக்கின்றது. பீடிப் புகைக்கு மட்டுமன்று, விறகுப் புகைக்கும் இது பொருந்தும்.

குடும்பத் தலைவர்களே, எரிவாயு அடுப்பு இயலாவிடில், புகைபோக்கியும் சன்னலுமேனும் அமைத்துத் தாருங்கள். உலர்ந்த விறகையே எரியுங்கள். குழந்தையை அடுப்பருகே உறங்க வைக்காதீர்கள். இருமல் இரண்டு வாரம் நீடித்தால் காசநோயாகவும் இருக்கலாம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம்.

நமக்காகச் சமைப்பவரின் இருமல் நமக்குப் பழகிப்போகலாகாது.