வால்வு இலவசம், சரி… அதுக்கு அப்புறம்? ஜவ்வாது மலைக்குத் தேவை ஒரு சொட்டு ரத்தப் பரிசோதனை

இதயத்தில் செயற்கை வால்வு வெச்சாச்சு, தையல் பிரிச்சாச்சு, டிஸ்சார்ஜும் ஆயாச்சு. ‘இனி கவலை இல்லை’ என்றுதான் பல குடும்பங்கள் நினைக்கும். ஆனால், உலோக வால்வை உடல் கடைசிவரை அந்நியப் பொருளாகவே பார்க்கும். அதனால் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்கத் தேவை. சென்னையில் இருப்பவருக்கு இது தெருமுனை லேப் விஷயம். ஜவ்வாது மலையில் ஒரு குக்கிராமத்தில் இருப்பவருக்கு? அரசு கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

உடல் என்ன செய்கிறது?

எந்தப் பொருளை உள்ளே வைத்தாலும், சில விநாடிகளில் ரத்தத்தில் உள்ள புரதங்கள் அதன் மேல் படிந்துவிடும். அந்தப் படலத்தில் தட்டணுக்கள் ஒட்டும். ரத்தம் உறையத் தொடங்கும். பிறகு மேக்ரோஃபேஜ் எனும் செல்கள் வந்து அதை விழுங்கப் பார்க்கும். முடியாவிட்டால் பல செல்கள் சேர்ந்து ஒரே ராட்சத செல்லாக மாறும். அதுவும் பலிக்கவில்லை என்றால், சுற்றிலும் நார்த்திசுவால் சுவர் எழுப்பி ஒதுக்கி வைத்துவிடும்.

எலும்பில் வைக்கும் பிளேட்டுக்கு இந்தச் சுவரால் பெரிய தொல்லை இல்லை. வால்வு அப்படி அல்ல. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூட வேண்டும். சின்ன ரத்தக்கட்டி ஒட்டினாலும் சிக்கிக்கொள்ளும். கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

நான்காவது முயற்சி

இதைப் புரிந்துகொண்டு உள்நாட்டிலேயே வால்வு செய்தது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம். டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையிலான குழுவின் முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. ஒன்றில், செயற்கை நீலக்கல் தட்டு செம்மறி ஆட்டின் இதயத்திலேயே உடைந்தது. நான்காவதில் கோபால்ட்-குரோமியம் கூண்டு, உறுதியான பாலிஎதிலீன் தட்டு, பாலியஸ்டர் வளையம். 1990 டிசம்பர் 6-ல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. டிடிகே சித்ரா வால்வு என்ற பெயரில் இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேல் பொருத்தப்பட்டுள்ளன.

‘பன்றி வால்வு, மாட்டு இதய உறையில் செய்த வால்வு இருக்கே, அதை வைக்கலாமே?’ என்று கேட்கலாம். அவற்றுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் காலப்போக்கில் கால்சியம் படிந்து இறுகிவிடும். இளம் வயதினருக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மறுபடியும் ஆபரேஷன். சிறுவயதுத் தொண்டைத் தொற்றில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல் தாக்குவதோ பெரும்பாலும் ஏழை வீட்டு இளம் வயதினரை. அதனால் அவர்களில் பலருக்கு உலோக வால்வுதான்.

மலையில் எங்கே சிக்கல்?

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகள் தரப்படுகின்றன. டோஸ் குறைந்தால் ரத்தம் கட்டும். கூடினால் உள்ளே கசியும். சரியான அளவைக் காட்டுவது ஐ.என்.ஆர் பரிசோதனை. வால்வு எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து பொதுவாக 2 முதல் 3.5-க்குள் இருக்க வேண்டும். மாத்திரை தடுப்பது வைட்டமின் கே-யின் வேலையை. முருங்கைக்கீரையில் அது நிறைய. கீரையை விட வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்றால் அளவு ஆடும். மலையில் கீரை மழையைப் பொறுத்தது. கர்ப்பமானாலோ, வார்ஃபரின் சிசுவைப் பாதிக்கலாம் என்பதால் உடனே டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு அறுவை சிகிச்சைக்கு இடம் உண்டு. ஆனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஜமுனாமரத்தூர் பக்கத்து மலைக் கிராமத்தில் இருந்து போளூருக்கோ, திருப்பத்தூருக்கோ, வேலூருக்கோ இறங்குவது என்றால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. இரண்டு முறை தள்ளிப்போட்டால் போதும், ஆபத்து தொடங்கிவிடும். இதை ‘நோயாளியின் அலட்சியம்’ என்று எழுதிவிடுவது நியாயமல்ல.

என்ன செய்யலாம்?

சர்க்கரை பார்ப்பது போல, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் ஐ.என்.ஆர் சொல்லும் கையடக்கக் கருவி இருக்கிறது. மலையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதை வைத்து, செவிலியருக்குப் பயிற்சி தரலாம். டோஸை இதய மருத்துவர் போனிலேயே சொல்லிவிடலாம்.

‘மலையில் இப்படி எத்தனை பேர் இருக்கப் போறாங்க? ஸ்ட்ரிப் விலையும் அதிகம்’ என்ற வாதம் வரும். ஆட்கள் குறைவு என்றால் செலவும் குறைவுதானே! 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பி.பி மாத்திரைகள் மட்டுமல்ல, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர்களுக்கான திரவப் பைகளும் தரப்படுகின்றன. அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு வரி சேர்ப்பது முடியாத காரியமல்ல. லட்சக்கணக்கில் செலவழித்து வால்வு வைக்கும் அரசு, அது ஓடுகிறதா என்று பார்க்கும் சில நூறு ரூபாயில் கணக்குப் பார்க்கக் கூடாது.