தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தத் தண்ணீரா?

குழாயைத் திறக்கிறோம். தண்ணீர் பளிங்குபோல் வருகிறது. உடனே, "நல்ல தண்ணீர்" என்று சொல்லிவிடுகிறோம். கண்ணுக்குத் தெளிவாக இருந்தால் போதுமா? போதாது! தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருப்பது என்ன என்றும் பார்க்க வேண்டும்.

இலைச் சாறு

மரத்திலிருந்து இலை உதிர்கிறது. புல் காய்கிறது. வேர் மக்குகிறது. மழை பெய்ததும் இவற்றின் சாறு ஆற்றிலும் ஏரியிலும் கலக்கிறது. அந்தச் சாற்றில் பல வகை அமிலங்கள் உண்டு. "ஹியூமிக் அமிலம்", "ஃபல்விக் அமிலம்" என்பவை அவற்றில் முக்கியமானவை.

அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம். இது கையைச் சுடும் திராவகம் அல்ல. இயற்கை தானாகவே கலந்த பொருள்.

அமெரிக்காவில் சுவானி என்று ஓர் ஆறு. ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஓக்கிபனோக்கி சதுப்பு நிலத்தில் பிறந்து, புளோரிடா வழியாகக் கடலுக்குப் போகிறது. அதன் தண்ணீர், பால் விடாத தேநீர் போல இருக்கும். எல்லாம் இலைச் சாறுதான்! இந்த அமிலங்களை ஆராயும் விஞ்ஞானிகள், சுவானி ஆற்று அமிலத்தையே மாதிரியாக வைத்து மற்ற நீரை ஒப்பிடுகிறார்கள்.

ராட்டர்டாமில் தெரிந்தது

இந்த அமிலங்கள் தனியாக இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. குளோரினோடு சேரும்போதுதான் வினை!

நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் நகரக் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்தவர் யோஹனஸ் ரூக் என்ற ரசாயன நிபுணர். குளோரின் போட்ட பிறகு, தண்ணீரில் குளோரோபாரம் உண்டாவதை அவர் கண்டார். அது எங்கிருந்து வந்தது? இயற்கை அமிலமும் குளோரினும் சேர்ந்து உண்டாக்கியது! 1974-ல் இதை அவர் வெளியிட்டார்.

அதிக அளவில் குளோரோபாரம் கொடுத்த எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததாக, 1976-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் அறிவித்தது. 1979-ல் அமெரிக்க அரசு, இந்த வகைப் பொருள்கள் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி செய்தது. நம் நாட்டிலும், 2012-ல் வெளிவந்த குடிநீர்த் தர விதியில் குளோரோபாரத்துக்கு வரம்பு உண்டு.

குளோரினை நிறுத்தலாமா?

"அப்படியானால் குளோரினே வேண்டாம்" என்று சிலர் சொல்லக்கூடும். அது தவறு. காலராவையும் டைபாய்டையும் அடக்கிவைத்திருப்பதில் குளோரினுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை நிறுத்தினால் அந்த எமன்கள் திரும்பி வருவார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா? கிருமியைக் கொல்லும் வேலையில் குறை வைக்கக்கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது.

சரியான வழி வேறு. முதலில் அமிலத்தைக் குறைக்க வேண்டும். பிறகு குளோரின் போட வேண்டும். அதற்கு, எந்த அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

எடை போடும் எந்திரம்

இதற்கு உதவுவதுதான் "மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்". மூலக்கூறுகளை எடை போடும் எந்திரம் அது.

நெல்லைக் காற்றில் தூற்றினால் என்ன நடக்கும்? கனத்த நெல் அருகில் விழும். பதர் தூரப் போகும். அதுபோலத்தான் இதுவும். இங்கே காற்றுக்குப் பதில் மின்சாரமும் காந்தமும் வேலை செய்கின்றன. நீரை மெல்லிய ஊசி வழியாக, மின்சாரம் ஏற்றித் தெளிக்கிறார்கள். துளிகள் காய்கின்றன. மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகள் உடையாமல் மிஞ்சுகின்றன. இந்த முறைக்காக ஜான் ஃபென் என்ற அமெரிக்கர் 2002-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

பிறகு, வலுவான காந்தத்துக்குள் அவை வட்டமிடுகின்றன. இலேசானது வேகமாகச் சுற்றும். கனமானது மெதுவாகச் சுற்றும். சுற்றும் வேகத்தைக் கொண்டு எடையைக் கணக்கிடுகிறார்கள்.

எவ்வளவு நுட்பம் பாருங்கள்! ஓர் ஆக்சிஜன் அணுவின் எடை 16. ஒரு கார்பனும் நான்கு ஹைட்ரஜனும் சேர்ந்தாலும் 16. ஆனால் நுட்பமாகப் பார்த்தால், முன்னது 15.995, பின்னது 16.031. இந்தச் சிறு வித்தியாசத்தையும் எந்திரம் காட்டிவிடும். ஒரே ஆற்றின் நீரில் ஆயிரக்கணக்கான வகைப் பொருள்கள் இருப்பது இப்படித்தான் தெரிந்தது.

படிகாரம் போட்டால் எவை படிகின்றன, எவை தப்பிவிடுகின்றன என்பதையும் இதனால் அறியலாம். தப்பியவற்றைப் பிடிக்கக் கரிவடிகட்டி வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

செய்ய வேண்டியது

இந்த எந்திரத்தின் விலை கோடிக்கணக்கில். ஊருக்கு ஒன்று வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். பல ஊர்களுக்குப் பொதுவாக ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருந்தால் போதும். வெயில் காலத்தில் ஒரு முறை, புது வெள்ளம் வந்ததும் ஒரு முறை ஏரி நீரைச் சோதிக்கலாம். அன்றாடம், தண்ணீரில் கரைந்த கார்பனின் அளவைக் குடிநீர் நிலையத்திலேயே எளிதாக அளக்கலாம்.

முடிவுகளை மக்களுக்கும் எளிய தமிழில் அறிவிக்க வேண்டும். தண்ணீர் வரி கட்டுகிறவர், தாம் குடிப்பது என்ன என்று தெரிந்துகொள்ள உரிமை உள்ளவர் அல்லவா?