பேணி அடுப்பும் சாரணர் மூட்டையும்

பாசறைக்குச் செல்லும் சாரணன் முதுகிற் சுமப்பனவற்றுள் சமையற் பொருள்களே பாரமானவை என்பதை நம்முட் பலர் பட்டறிந்துள்ளோம். குண்டான், கேத்தில், மண்ணெண்ணெய் அடுப்பு ஆகியவற்றைத் தடியிற் கோத்து இருவர் தோளில் தூக்கிச் சென்ற காலம் நம் காலம். அங்ஙனம் சென்று சமைத்ததோ பெரும்பாலும் வெறுந் தேநீரே!

அமெரிக்க நாட்டின் நெடும்பாதைகளில் மாதக்கணக்காய் நடப்போர் இதற்கொரு வழி கண்டுள்ளனர். பூனையுணவு அடைத்துவரும் சிறு அலுமினியப் பேணியின் விளிம்புக்குக் கீழே, கடதாசியிற் துளையிடும் கருவியால் இரு வரிசைத் துளைகள் இடுகின்றனர். உள்ளே மெதிலேற்றட் ஸ்பிரிற்றை வார்த்துக் கொளுத்தி, அரை நிமிடமளவு சூடேறவிட்டு, பாத்திரத்தை அதன் மீதே வைக்கின்றனர். வாய் மூடப்படவே, ஆவி பக்கத் துளைகளால் வெளிப்போந்து சுடராகின்றது. அடுப்பின் நிறை 10 கிராமுக்கும் குறைவு. காற்றுமறைப்பு ஒன்றைச் சுற்றி நிறுத்தினால், ஏறக்குறைய 20 மில்லிலீற்றர் ஸ்பிரிற்று அரை லீற்றர் நீரைக் கொதிக்கச் செய்யும்.

முப்பது பேருக்குச் சோறாக்க இஃது உதவாது. ஒருவர் இருவர்க்கே ஏற்றது. ஏறத்தாழ 2100 மீற்றர் உயரத்திலுள்ள ஹோட்டன் சமவெளி போன்ற இடங்களில் நீர் 93 பாகை செல்சியசளவிலேயே கொதிப்பதால் அரிசி வேகத் தாமதமாகும். அவலும் தேயிலையும் கொண்டு செல்வதே அறிவுடைமை.

மாணவர் கையில் இதனைக் கொடுத்தல் தீயோடு விளையாட்டு என்பர் ஆசிரியர் சிலர். அவ்வச்சம் வீணன்று. ஸ்பிரிற்றின் சுடர் பகல் வெளிச்சத்திற் புலப்படாது. அணைந்ததென எண்ணி மீண்டும் வார்த்த நம் நண்பரொருவர் புருவங்களை இழந்தார். கைப்புண் ஆற மூன்று வாரஞ் சென்றது. கூடாரத்தினுள் ஏற்றினால் காபனோரொட்சைட்டு உயிருக்கே உலைவைக்கும். அடைக்கும் திருகு இல்லாமையால், அமெரிக்காவிலும் வறட்சிக் காலத்திற் பல காடுகளில் இவ்வடுப்புக்குத் தடையுண்டு.

ஆயினும், முற்றாய்த் தடுப்பதை நாம் ஏற்கோம். கடையடுப்பின் குமிழைத் திருகுபவன் தீயின் இயல்பை அறியான். துளைகளைக் கூட்டியும் குறைத்தும் இட்டுச் சுடர் மாறக் கண்டவனே அறிவான். ஒளித்துச் செய்து கைசுடுவதிலும், ஆசிரியர் முன்னிலையிற் செய்து பழகுவது நன்று.

வருகின்ற விடுமுறையில் ஒரு பிற்பகல் கைப்பணி அறையைச் சாரணர்க்குத் திறந்துவிடுமாறு அதிபரை வேண்டுகின்றோம். வாளியில் நீரும் ஈரச்சாக்கும் அருகில் இருக்கட்டும். பேணிகளை நாம் சேர்த்துத் தருவோம். பூனை வளர்க்கும் பழைய மாணவர் நம்முட் சிலர் உளர்.