உரலில் இடித்த சாலட்

கோல்டன் மைல் கட்டடத்தில் தாய்லாந்துக் கடைகள் நிறைந்திருந்த நாள்களில், வேலை முடிந்து நானும் தங்கையும் அங்கேதான் சந்திப்போம். ஆளுக்கொரு தட்டு 'சோம் தாம்', நடுவில் ஒரு கூடை ஒட்டும் அரிசிச் சோறு. 2023 மே மாதம் கட்டடம் மூடப்பட்ட பிறகு, அந்தப் பப்பாளிக்காய் சாலட்டை வீட்டிலேயே செய்யப் பழகிக்கொண்டேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். இப்போது அவளுக்கு ஏழு மாதம். "அக்கா, சோம் தாம் செஞ்சு தர்றியா? ஒரு வாரமா அதே நினைப்பு" என்றாள். அடுத்த நொடி அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

"புள்ளத்தாச்சிக்குப் பப்பாளிக்காயா?"

"அதெல்லாம் பழைய நம்பிக்கைம்மா" என்று தங்கை கைப்பேசியில் தேடத் தொடங்கினாள். கிடைத்தது, நம் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002ல் வெளியிட்ட கட்டுரை. எலிகளிடம் செய்த சோதனை. பழுத்த பப்பாளியால் பாதிப்பில்லை. ஆனால், காயிலுள்ள பால் கருப்பைத் தசையைச் சுருங்க வைத்தது. எலிக்கு நேர்வது மனிதருக்கும் அப்படியே நேரும் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் தங்கை கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டாள். அம்மா எதுவும் பேசவில்லை. முகமே பேசியது.

தங்கையின் வாடிய முகத்தைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை. அப்போதுதான் அந்தப் பெயரின் பொருள் நினைவுக்கு வந்தது. 'சோம்' என்றால் புளிப்பு, 'தாம்' என்றால் இடிப்பது. பெயரில் பப்பாளியே இல்லை! லாவோஸிலும் தாய்லாந்தின் வடகிழக்கிலும் வேரூன்றிய உணவு இது. அந்த வடகிழக்கு வட்டாரத்தின் பெயர் 'ஈசான்'. நாம் சொல்லும் ஈசானிய மூலைதான். அங்கே வெள்ளரிக்காயையும் இதே முறையில் இடிப்பார்கள். அதற்குப் பெயர் 'தாம் தேங்'.

வெள்ளரிக்காய் வீட்டில் இருந்தது. உரலை எடுத்தேன்.

இரண்டு பல் பூண்டு, இரண்டு சில்லி பாடி. முதலில் இவற்றை நசுக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி குலா மலாக்காவைச் சீவிப் போட்டுக் கரையும்வரை இடிக்கவும். விரல் நீளத்தில் நறுக்கிய பயற்றங்காய், ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, ஒரு கரண்டி உலர்ந்த இறால் சேர்த்து மீண்டும் இடிக்கவும். பிறகு ஒன்றரை மேசைக்கரண்டி மீன் சாஸ், இரண்டு லைம் பழச் சாறு, பாதியாக வெட்டிய சின்னத் தக்காளிகள். கடைசியில்தான் காய்.

ஒரு கையில் குழவி, மறு கையில் கரண்டி. குழவி மெல்லக் குத்த, கரண்டி அடியிலிருப்பதை மேலே புரட்ட வேண்டும். காய் கூழாகக் கூடாது. லேசாக நசுங்கிச் சாற்றை உறிஞ்சினால் போதும். ஈசானில் மண் உரலும் மர உலக்கையும் வைத்திருப்பது இதற்காகத்தான். நம் வீட்டுக் கல் உரலில் என்றால் கையை அடக்கிக் குத்துங்கள். உரல் சிறியதாக இருந்தால் காயைப் பாத்திரத்தில் போட்டுப் பிசறலாம்.

வெள்ளரிக்காய் என்றால் விதையை நீக்கிவிட்டு, நாலு குத்தோடு நிறுத்தி, உடனே சாப்பிட வேண்டும். நேரமானால் நீர் விட்டுவிடும். பப்பாளி என்றால் கல்போல் கெட்டியான பச்சைக்காயாகப் பார்த்து வாங்குங்கள். தோல் சீவி, பால் போகக் கழுவி, மெல்லிய கீற்றுகளாக்கிப் பத்து நிமிடம் ஐஸ் தண்ணீரில் போட்டால் மொறுமொறுவென்று இருக்கும். வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள் இறாலை விட்டுவிட்டு, மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றலாம். கடைகளில் சேர்க்கும் உப்பு நண்டையும் ஊறவைத்த மீனையும் பச்சையாகவே போடுவதுண்டு. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அவை வேண்டாம்.

அம்மா ஒரு கீற்றை எடுத்து வாயில் போட்டார். "புளிப்பு பத்தல" என்று இன்னொரு லைமைப் பிழிந்தார். பிறகு தட்டு அவர் பக்கமே நின்றுவிட்டது.

"ம்மா, எனக்குத்தான் செஞ்சது!" என்று தங்கை இழுத்துக்கொண்டாள்.

"சாப்பிடுடி. புள்ள பொறக்கட்டும், பப்பாளிக்காய நானே இடிச்சுத் தர்றேன்."

இன்னும் இரண்டு மாதம். அதற்குள் பெரிய உரலாக ஒன்று வாங்க வேண்டும்.