மருந்தும் கணக்கும்

மருத்துவர் மாத்திரையின் பெயரை எழுதித் தருகிறார். மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். நாம் வாங்கி விழுங்குகிறோம். இம்மாத்திரை இந்நோயைத் தீர்க்கும் என்று முதன்முதலில் துணிந்து சொன்னவர் யார், எதனைக் கொண்டு சொன்னார் என நம்மில் பலரும் வினவுவதில்லை. உண்மையில் அவ்வாறு சொன்னது ஒரு கணக்கு. மருந்து உண்டவர் இத்தனை பேர், உண்ணாதவர் இத்தனை பேர், குணமடைந்தவர் எத்தனை பேர் என்று குறித்து வைத்து, கூட்டிக் கழித்துக் கண்ட முடிவே அது. கணக்குப் பிழைபடுமாயின் மருத்துவமும் பிழைபடும். ஆதலின் இத்திங்கள் அக்கணக்கைப் பற்றிச் சில செய்திகளை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இப்பொருளை எடுத்துக் கொண்டமைக்குக் காரணம் இரண்டு உண்டு. ஈஜிபுராவுக்கு அணித்தே, 1963இல் தொடங்கப்பெற்ற செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இத்தகைய பெருங்கல்லூரிகள் எங்கும் சிகிச்சையோடு ஆராய்ச்சியும் நடத்துவது வழக்கம். ஆகவே நம் குடும்பத்தார் எவரேனும் ஒருநாள், "ஆராய்ச்சிக்காகச் சிறிது இரத்தம் தருவீர்களா?" என்று கேட்கப்பெறலாம். இது முதற் காரணம். அறிவியற் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் பலர், மருத்துவ ஆராய்ச்சிக் கணக்குகளைக் கணிப்பொறியில் செய்யும் பயிற்சியை நாடி இந்நகரில் அலைகின்றனர்; அதற்கெனப் பெற்றோர் கடனும் வாங்குகின்றனர். இது இரண்டாவது காரணம்.

இக்கணக்கின் வலிமையை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சிகளுள் ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. 1956ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும், சென்னை அரசாங்கமும், உலகச் சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் கூடிச் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை நிறுவின. காசநோயாளி என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கியே தீரவேண்டும், நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவும் இன்றிக் குணமில்லை என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. நோயாளிகளோ இலட்சக்கணக்கில், படுக்கைகளோ மிகச் சில. வீட்டிலிருந்தபடியே மருந்து உண்டால் போதாதா என்ற வினாவுக்கு விடை காண வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவரின் தலைமையில் ஆய்வு தொடங்கிற்று.

193 நோயாளிகள் எடுத்துக் கொள்ளப்பட்டனர். சானடோரியத்துக்கு எவர், வீட்டுக்கு எவர் என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி முடிவு செய்யவில்லை. குலுக்கிப் போட்டாற்போன்ற முறையில் அது தீர்மானிக்கப்பட்டது. இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். வீட்டில் இருந்தவர்களோ நெருக்கமான குடியிருப்புகளில், போதிய உணவின்றி, பலர் உழைத்துக் கொண்டே மருந்து உண்டவர்கள். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவருள் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் இருந்தவருள் நூற்றுக்கு 86 பேரும் நோய்க்கிருமி அடங்கப் பெற்றிருந்தனர். வேறுபாடு சிறிதே. வீட்டில் நோயாளியோடு வாழ்ந்த உற்றாருக்கும் அதனால் கூடுதலான தீங்கு நேரவில்லை என்பது தொடர்ந்து கவனித்ததில் தெரிய வந்தது. 1959இல் இம்முடிவு வெளியானதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கே மாறிற்று. அதே ஆண்டில் நம் பெங்களூரில் தேசியக் காசநோய் நிலையம் அமைந்தது. அங்கு வகுத்த முறையைக் கொண்டு 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கிற்று. சானடோரியத்தில் இடம் கிடைக்காத ஏழையும் தன் வீட்டில் இருந்தே பிழைக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது ஒரு கணக்கினால்.

அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்றுள்ள புள்ளியியல் மென்பொருள் எதுவும் அப்போது பிறக்கவில்லை. எஸ்.பி.எஸ்.எஸ். என்பது 1968இல் வந்தது. சாஸ் என்பதற்கான நிறுவனம் அமெரிக்காவில் 1976இல் தோன்றியது. ஆர் என்பதை நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக் கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்னும் இருவர் உருவாக்கி, 1995 முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு வழங்கினர். சென்னை ஆய்வின் பெருமை பொறியினால் வந்ததன்று. நோயாளிகளைப் பிரித்த நேர்மையினாலும், ஒவ்வொருவரையும் விடாது தொடர்ந்து குறித்த பொறுமையினாலும் வந்தது.

பிரிப்பதில் நேர்மை ஏன் வேண்டும்? "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் பழமொழி. ஆனால் அடுக்களையில் நிற்கும் தாய்மார் அறிவர்: கிளறி விடாத பானையில் மேற்சோறு வேகாதிருக்க, அடிச்சோறு குழைந்து போயிருக்கும். நன்கு கிளறிய பின்பு எடுத்த சோறே பதம் சொல்லும். உடல் தேறியவர்களை ஒரு பக்கமும் தளர்ந்தவர்களை மறு பக்கமும் வைத்துவிட்டு மருந்தைச் சோதித்தால், கிளறாத பானையில் பதம் பார்த்த கதையாகும். இப்பிழையை எந்த மென்பொருளாலும் பின்னர்த் திருத்த இயலாது.

அப்படியாயின் மென்பொருள் செய்வதென்ன? ஆயிரம் பேருடைய வயது, எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு ஆகியவற்றை நொடிப்பொழுதில் கூட்டிச் சராசரி காட்டும். மருந்து உண்டவருக்கும் உண்ணாதவருக்கும் உள்ள வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடுமா என்று அளந்து சொல்லும். மருந்தில் சத்தே இல்லை என்று வைத்துக் கொண்டால், இத்துணை வேறுபாடு வெறும் தற்செயலால் தோன்றும் வாய்ப்பு 20இல் 1க்கும் குறைவு எனில், அதனைப் பொருட்படுத்தத் தக்கது என ஆராய்ச்சியாளர் கொள்வது வழக்கம்.

இவ்விடத்தில்தான் வழுக்கல். பயனே இல்லாத ஒரு மருந்தை, ஒன்றோடொன்று தொடர்பற்ற 20 விதமாகச் சோதித்தால், ஏதேனும் ஒன்றிலாவது "பயன் உண்டு" என்ற பொய் விடை வரும் வாய்ப்பு நூற்றுக்கு 64. பொறி அலுக்காது, கேட்கும்தோறும் விடை தரும். விரும்பிய விடை வரும்வரை கேட்டுக் கொண்டிருப்பவர் தம்மையும் ஏமாற்றிப் பிறரையும் ஏமாற்றுகிறார். எதனைச் சோதிக்கப் போகிறோம் என்பதை ஆய்வுக்கு முன்னரே எழுதிப் பதிய வேண்டும் என்ற விதி இதற்காகவே எழுந்தது. நம் நாட்டில் அதற்கான பதிவேடு சி.டி.ஆர்.ஐ. எனப்படுவது. 2007இல் அது தொடங்கியது. 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளை அதில் பதிவது கட்டாயமாயிற்று. அதனை இணையத்தில் எவரும் கட்டணமின்றிக் காணலாம்.

பொறிக்குப் பொருள் தெரியாது என்பதற்கும் சான்றுகள் உண்டு. பத்து நோயாளியருள் ஒன்பதின்மருக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 12. பத்தாமவருக்கு அளவு எடுக்கவில்லை. "எடுக்கவில்லை" என்பதற்கு அடையாளமாக ஒருவர் 99 என்று எழுதி வைக்கிறார். இதனைப் பொறிக்கு அறிவிக்காவிடில், அது 99ஐயும் சேர்த்துச் சராசரி 20.7 என்று கூசாமல் சொல்லும். இயல்புக்குப் பொருந்தாத சராசரி அது என்று பொறி திடுக்கிடுவதில்லை. திடுக்கிட வேண்டியவர் அதன் முன் அமர்ந்திருப்பவர்.

எக்செல் என்னும் அட்டவணை மென்பொருளை நம் வீட்டுப் பிள்ளைகள் யாவரும் அறிவர். மனித மரபணுக்களுள் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்1 எனப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றை மார்ச் முதல் தேதி, செப்டம்பர் முதல் தேதி என்று மாற்றிவிட்டது. மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்து வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை உள்ளதென 2016இல் ஆய்ந்து வெளியிட்டனர். இறுதியில் 2020இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றி வைக்க நேர்ந்தது!

இவற்றினும் கொடியது மற்றொன்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தோர், நாட்பட்ட நுரையீரல் நோயாளிகள் 240 பேருக்கு ஒரு புதிய உதவித் திட்டத்தைச் சோதித்து, அதனால் மருத்துவமனைக்கு வரும் தேவை குறைந்தது என்று 2018இல் புகழ்பெற்ற மருத்துவ இதழில் எழுதினர். பின்னர்த் தெரிந்தது வேறு. உதவி பெற்றோர், பெறாதோர் என்னும் இரு பிரிவுகளுக்கும் இட்ட எண் குறிகளை மாற்றி எழுதும்போது அவை தலைகீழாகிவிட்டன. சரியாகக் கணக்கிட்டபோது உதவி பெற்றோரே மிகுதியாக மருத்துவமனைக்கு வந்திருந்தனர். பிழையைக் கண்டவர்கள் அவ்வாராய்ச்சியாளரே. அவர்கள் மறைக்கவில்லை; இதழுக்கு அறிவித்து, 2019இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றுத் திருத்திய முடிவை வெளியிட்டனர். பிழை நேர்ந்தது வருந்தத்தக்கது. வெளிப்படச் சொன்னது போற்றத்தக்கது. ஒவ்வொரு படியையும் எழுதி வைத்திருந்தால்தான் இவ்வாறு திரும்பிச் சென்று பார்க்க இயலும். சாஸ், ஆர் போன்றவற்றில் கட்டளைகளை எழுத்தாகவே எழுதிச் சேமிப்பதன் பயன் இது. கணக்கப்பிள்ளை பேரேட்டை அடித்துத் திருத்தாமல் வைத்திருப்பது போன்றது அப்பழக்கம்.

இனி நம் குடும்பங்களுக்குச் சில சொற்கள்.

பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், சில மாதங்களில் வேலை உறுதி என்னும் விளம்பரத்தை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டா. எந்த மென்பொருளைக் கற்பிக்கிறீர்கள் என்று கேட்பதோடு, சராசரி, பரவல், மாதிரி எடுத்தல், தற்செயல் ஆகிய அடிப்படைகளைக் கற்பிப்பவர் யார் என்றும் கேளுங்கள். மருந்து நிறுவனங்கள் பலவற்றில் சாஸ் தெரிந்தவருக்கு வேலை உண்டென்பது உண்மை. எனினும் ஆர் என்பதை வீட்டுக் கணிப்பொறியில் ஒரு காசும் செலவின்றி நிறுவிக் கொள்ளலாம். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியற் கழகமும் கூடி நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களையும் இலவசமாகக் கேட்கலாம். மூன்று மாதம் இவற்றில் முயன்று, மனம் பொருந்திய பின்பு கட்டணப் பயிற்சியைப் பற்றி எண்ணுவதே அறிவுடைமை. கடனுக்கு வட்டி ஏறுவது போல் கல்வி தானே ஏறாது.

ஆராய்ச்சியில் பங்கு கொள்ளுமாறு கேட்கப்பெறும் அன்பர்கள் அஞ்சவும் வேண்டா, கண்ணை மூடிக்கொண்டு கையொப்பம் இடவும் வேண்டா. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும் என்பது விதி. கன்னடமோ ஆங்கிலமோ படிக்க இயலாதவர், "தமிழில் தாருங்கள், இல்லையேல் தமிழில் விளங்கச் சொல்லுங்கள்" என்று கேட்பது உரிமை, அது கெஞ்சிப் பெறும் சலுகையன்று. மருந்துச் சோதனையாயின், சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு செய்த எண் யாதென்று கேளுங்கள். விருப்பமில்லையெனில் மறுக்கலாம், இடையில் விலகவும் செய்யலாம், அதன் பொருட்டு வழக்கமான சிகிச்சை குறைதல் ஆகாது. ஒப்புக் கொண்டவர்களோ உண்ட மாத்திரையையும் உண்ணாமல் விட்ட மாத்திரையையும் உள்ளபடியே சொல்லுங்கள். மருத்துவர் மனம் நோகுமே என்று எண்ணி, உண்ணாததை உண்டேன் என்றால், அச்சிறு பொய் கணக்கில் ஏறி, நாளை எங்கோ ஒரு நோயாளிக்குத் தவறான மருந்தாக முடியலாம்.

அன்று சென்னையில் 193 பேர் தம் உடலைப் பற்றிய உண்மையைக் கொடுத்தனர். அவர்களின் பெயரை நாம் அறியோம்; அவர்கள் தந்த கணக்கின் பயனை இன்றும் நுகர்கிறோம். அத்தகைய கணக்கைக் கொடுப்பவராகவும், பிழையின்றிச் செய்பவராகவும் நம் இல்லத்தவர் விளங்குதல் வேண்டும்.

ஒப்புதல் படிவம் ஏதேனும் கைக்கு வந்து, விளங்காமல் தவிக்கும் அன்பர்கள் அதனைச் சங்கத்துக்குக் கொண்டு வந்தால், படித்துப் பொருள் சொல்ல நம் இளைஞர்கள் முன்வருதல் நலம். இப்பகுதி பற்றிய வினாக்களைத் தெளிவாக எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் இயன்றவரை விடை கூறுவோம்.